மழை மலையில், வெள்ளம் வாசலில்: குமரி மாவட்ட மக்கள் போனில் பார்க்க வேண்டியவை

வடசேரி பேருந்து நிலையத்தில் வெயில் அடிக்கும். அதே நேரத்தில் பூதப்பாண்டிக்கு மேலே மலையில் மழை கொட்டிக்கிட்டு இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. ஜூனில் இருந்து டிசம்பர் வரை கவனமாக இருக்க வேண்டும். "நம்ம ஊர்ல மழை இல்லையே" என்று சும்மா இருந்துவிட முடியாது.

உங்க ஆறு எது?

மலையில் பெய்யும் மழையும், குளங்கள் நிரம்பி மறுகால் பாயும் தண்ணீரும் பழையாற்றில் சேர்கின்றன. பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாகப் போய் மணக்குடியில் அது கடலில் கலக்கிறது. வடசேரி சுற்றுவட்டாரத்தில் கரையோரம் குடியிருப்பவர்கள் மேலே எவ்வளவு மழை பெய்தது என்று பார்க்க வேண்டும்.

பேச்சிப்பாறை (48 அடி), பெருஞ்சாணி (77 அடி) அணைகளின் உபரிநீர் போகும் வழி வேறு. அது மேற்கே குழித்துறை பக்கம் போய், தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேரும். பேச்சிப்பாறையில் உபரிநீர் திறப்பு என்று செய்தி வந்தால், குழித்துறை பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு போன் போடுங்க. திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போகும் திட்டம் இருந்தால் தள்ளி வையுங்க.

நிறம் என்ன சொல்கிறது?

மஞ்சள் என்றால் கனமழை: ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை. ஆரஞ்சு என்றால் மிக கனமழை: 12 முதல் 20 செ.மீ. வரை. சிவப்பு என்றால் அதி கனமழை: 20 செ.மீ.க்கு மேல். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ஆகவே சிவப்பு எச்சரிக்கை வந்தால் "எப்பவும் சொல்றதுதானே" என்று விட்டுவிடாதீங்க.

தமிழ்நாடு அரசின் 'டிஎன்-அலர்ட்' செயலியில் வானிலை முன்னறிவிப்பு, மழையளவு, அணை நீர் இருப்பு ஆகியவற்றைத் தமிழிலேயே பார்க்கலாம். இடி மின்னல் எச்சரிக்கைக்கு மத்திய அரசின் 'தாமினி' செயலி இருக்கிறது. வயலில் வேலை செய்பவர்களுக்கு இது அவசியம்.

ஒக்கி கற்றுத் தந்த பாடம்

2017 நவம்பர் 29-ல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கி புயலாக மாறிக் குமரிக் கடலைக் கடந்தது. முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் தீர்ந்தால் எந்தச் செயலியும் உதவாது.

அதனால் எச்சரிக்கை வந்த உடனே:

• போனையும் பவர் பேங்கையும் முழுசா சார்ஜ் போடுங்க.
• பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்க. நாகர்கோவில் பண்பலையில் செய்தி கேட்கலாம்.
• ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரமான இடத்தில் வையுங்க.
• கீழே உள்ள எண்களை ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்க.

அழைக்க வேண்டிய எண்கள்

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077
மாநிலக் கட்டுப்பாட்டு அறை: 1070
ஆம்புலன்ஸ்: 108
தீயணைப்பு, மீட்பு: 101
மின்னகம்: 94987 94987

அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கத்தில் போகவே வேண்டாம். மின்னகத்துக்குச் சொல்லுங்க, அக்கம்பக்கத்தாரையும் எச்சரியுங்க.

சேதம் ஆகிவிட்டால்?

சுத்தம் செய்வதற்கு முன்னாடியே வீடு, வயல், கால்நடை இழப்பை போட்டோ எடுங்க. உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்க. பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பேரிடர் நிவாரணம் கிடைக்கும். கணக்கெடுப்பு வரும்போது அந்த போட்டோ உங்களுக்குக் கைகொடுக்கும்.

பக்கத்து வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் இருக்கலாம். உங்களுக்கு வரும் எச்சரிக்கையை அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்க.