எழுந்து நின்றால் ஏறும் நாடி

நம் சங்க அன்பர்கள் நாலு பேர் கூடி உடம்பைப் பற்றிப் பேசினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி என்ற மூன்றில் பேச்சு முடிந்துவிடும். இந்த மூன்றிலும் சேராத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். படுத்திருக்கும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. எழுந்து நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். திரும்பப் படுத்தால் அடங்கிவிடும். 'போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்' என்பது இதன் நீளமான பெயர். சுருக்கமாக 'பாட்ஸ்' என்கிறார்கள்.

என் இளைய மகளுக்கு 2022-ல் இது வந்தது. நான் டாக்டர் இல்லை. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். அருகிலிருந்து பார்த்ததையும் டாக்டர்கள் சொல்லக் கேட்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். வேறு எந்த வீட்டிலாவது ஒரு பெண் பிள்ளை இதே அவதியில் இருந்தால், அவர்களுக்குச் சில மாதங்களாவது மிச்சமாகட்டும்.

நிற்கும்போது நடப்பது என்ன?

நாம் எழுந்து நின்றவுடன் 500 முதல் 800 மில்லி லிட்டர் ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக் குழாயிலும் இதயத்தை ஒட்டிய பெருங்குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை உடனே தகவல் அனுப்புகின்றன. கால் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நாடி 10 முதல் 20 வரை கூடுகிறது. சிறிது நேரத்திலேயே எல்லாம் சமநிலைக்கு வந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பாட்ஸ் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்வதில்லை. ரத்தம் கீழேயே தேங்குகிறது. பலருக்கு உடம்பிலுள்ள ரத்தத்தின் மொத்த அளவும் குறைவாக இருக்கிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30 அல்லது அதற்கு மேல் ஏறி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருந்து, இந்தத் தொந்தரவுகள் மூன்று மாதமாவது நீடித்தால் பாட்ஸ் என்கிறார்கள். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40 ஏற வேண்டும் என்பது கணக்கு.

ஸ்டேஷன் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் மோட்டாரைத்தான் திட்டுவோம். கிணற்றில் தண்ணீர் மட்டம் குறைந்திருந்தாலும், வழியில் குழாய் ஒழுகினாலும் மோட்டார் சும்மா வேகமாகத்தான் சுற்றும். அதைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை. என் மகளின் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் ஒவ்வொரு முறையும் 'நார்மல்' என்றே வந்ததன் காரணம் இதுதான்.

இது புதிய வியாதி அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு வந்த இது போன்ற படபடப்பைப் பற்றி டாக்டர் டா கோஸ்டா 1871-லேயே எழுதியிருக்கிறார். இன்றைய பெயர் 1993-ல் ஷோண்டார்ஃப், லோ என்ற இரு டாக்டர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நிலைத்தது. 15 முதல் 50 வயதுக்குள் உள்ள பெண்களுக்கே அதிகம் வருகிறது. வைரஸ் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு தொடங்குவதுண்டு. கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு வந்தது.

ஏழு மாத அலைச்சல்

என் மகளுக்கு 2022 ஜனவரியில் கொரோனா வந்து ஐந்தே நாளில் காய்ச்சல் விட்டது. பிப்ரவரியில் குளியலறையில் மயங்கி விழப் பார்த்தாள். மார்ச்சில் அடுப்படியில் தோசை வார்க்கும் நேரம்கூட நிற்க முடியவில்லை. ஒரு டாக்டர், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். இன்னொருவர் மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். உறவினர் சிலர் சோம்பல் என்றே தீர்மானித்துவிட்டார்கள். ஒரு நாள் ராத்திரி அவள், "அப்பா, நான் நடிக்கிறேன் என்று நீங்களும் நினைக்கிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, உன் நாடியை நானே எண்ணியிருக்கிறேன்" என்றேன்.

தண்டவாளத்தை அளக்காமல் யாரும் பழுது சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். காலையில் படுத்தபடி நாடி. பிறகு சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிடம் வரை நாடியும் ரத்த அழுத்தமும். மயங்கினால் தாங்கிக்கொள்ள அவள் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். படுத்தால் 74, நின்றால் 122 என்கிற மாதிரி பக்கம் பக்கமாக எண்கள். ஆகஸ்ட்டில் நாங்கள் போன நரம்பியல் டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். ரத்தசோகை, தைராய்டு, இதயத் துடிப்புக் கோளாறு இவை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சாய்மேசைப் பரிசோதனையும் செய்து, பெயரைச் சொன்னார்.

"எப்போது குணமாகும்?" என்று கேட்டேன். "உயிருக்கு ஆபத்தில்லை. பெரும்பாலோர் தேறுகிறார்கள். ஆனால் வாரக் கணக்கில் பார்க்காதீர்கள், வருஷக் கணக்கில் பாருங்கள்" என்றார். பிறகு படித்தபோது அவர் சொன்னது சரியென்றே தெரிந்தது. வளரிளம் பருவத்தில் இது வந்தவர்களை மேயோ கிளினிக் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு விசாரித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 86 சதவீதம் பேர் முழுக் குணம், முன்னேற்றம், எப்போதாவது மட்டும் தொந்தரவு என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். முழுக் குணம் என்றவர்கள் 19 சதவீதம்.

இரண்டு மோர்ச் சட்டிகள்

வைத்தியத்தின் அடிப்படை தண்ணீரும் உப்பும்தான். நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், டாக்டர் அளவு சொன்னபடி கூடுதல் உப்பு. படுக்கையை விட்டு எழுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர். வயிறு வரை வரும் இறுக்கமான காலுறை. ஒரேயடியாக வயிறு நிறையச் சாதம் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது. குறைந்த அளவில் ப்ராப்ரனலால் மாத்திரை. எனக்கோ ரத்த அழுத்தம், உப்பு ஆகாது. எங்கள் வீட்டில் இன்றும் மோர் இரண்டு சட்டியில்தான் இருக்கும். இந்த உப்பு வைத்தியத்தை யாரும் தாமாகச் செய்துகொள்ள வேண்டாம் என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது உடற்பயிற்சி. நிற்க முடியாதவளுக்கு என்ன பயிற்சி என்று தோன்றும். படுத்துக்கொண்டே காலைத் தூக்குவது, உட்கார்ந்தபடி பெடல் மிதிப்பது என்று தொடங்க வேண்டும். கெண்டைக்கால் சதைக்கு வலு வந்தால் அதுவே ரத்தத்தை மேலே தள்ளும். படுத்தே கிடந்தால் ரத்தத்தின் அளவு இன்னும் குறைந்து நிலைமை மோசமாகும்.

தண்டவாளத்தைப் பிரித்து ஜல்லி சலித்துப் போட்ட இடத்தில் முதல் நாளே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75 என்று காஷன் ஆர்டர் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஜல்லி இறுகியதா என்று பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவோம். மகளிடம் இதைச் சொன்னேன். முதல் மாதம் பெடல் ஐந்து நிமிடம். அதுவும் மறுநாள் படுக்க வைத்துவிட்டது. மூன்று நிமிடமாகக் குறைத்தோம். நிறுத்தவில்லை.

நோட்டு சொல்லும் கதை

அந்த நோட்டைப் புரட்டினால் ஏற்றமும் இறக்கமுமாகத்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் கால் மணி நேரம் நின்றாள். 2023 மே மாதம் நாக்பூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் பழையபடி ஆனாள். வெயில் ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது, வியர்வை தண்ணீரைக் குறைக்கிறது. மழை வந்ததும் தேறினாள். நவம்பரில் வைரஸ் காய்ச்சல், பத்து நாள் படுக்கை. ஆறு மாத முன்னேற்றம் போயிற்று. அன்றைக்கு அவள் அழுதாள். ஆனால் 2022-ல் எட்டு மாதம் பிடித்த தூரத்தை இம்முறை மூன்றே மாதத்தில் கடந்தாள். மாதவிலக்கு நாட்கள், தூக்கம் கெட்ட நாட்கள், விரத நாட்கள் ஆகியவற்றிலும் எண்கள் ஏறியிருக்கின்றன. காரணம் தெரிந்த பிறகு பயம் குறைந்தது.

2024 ஜூலையில் வாரம் மூன்று நாள் அலுவலகம் போகத் தொடங்கினாள். 2025-ல் ஐந்து நாளும் போனாள். நின்றால் நாடி இப்போது ஏறத்தாழ 25 ஏறுகிறது. பையில் தண்ணீர் பாட்டிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் எப்போதும் உண்டு. கோயில் வரிசையில் நிற்பதில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து கொள்கிறாள். முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறாள்.

மூத்த அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வயதில் எழுந்ததும் தலை சுற்றினால் அது பெரும்பாலும் வேறு விஷயம். நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தமே இறங்கிவிடலாம். ரத்த அழுத்த மாத்திரையும் பிராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகளும்கூட இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். படுத்தும் நின்றும் இரண்டு முறை அழுத்தம் பார்க்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். ராத்திரி எழும்போது ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள்.

வீட்டில் இளம் பிள்ளை யாராவது நின்றால் முடியவில்லை என்றால், அறிவுரை சொல்லுமுன் ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். படுத்த நாடியையும் நின்ற நாடியையும் எண்ணி எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.