கனூரி மக்களின் மணமும் மணவிலக்கும்

மணவிலக்கு மலிந்த சமுதாயம் நிலைகுலைந்துவிடும் என்பது பலர் கொண்ட கருத்து. அக்கருத்து எங்கும் பொருந்துமா என ஆராய்வார்க்கு ஆப்பிரிக்காவின் கனூரி மக்களது வாழ்க்கை சிறந்ததொரு சான்றாகும்.

சாட் ஏரியை அடுத்து, நைஜீரியாவின் போர்னோ மாநிலத்தில் இம்மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். இவர்தம் அரசர்கள் 11ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாத்தைத் தழுவினர். ஆதலின் இவர்களது மணமுறை மாலிக்கி சட்டநெறியை ஒட்டியது. மானிடவியலறிஞர் ரொனால்டு கோகன் 1956ஆம் ஆண்டில் போர்னோ சென்று தங்கி ஆராய்ந்தார். அங்கு மணங்களுள் மிகப் பெரும்பாலானவை விலக்கிலேயே முடிந்தன என்பதை 1971இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

கன்னியை மணப்பதற்கு அந்நாளில் பெரும்பொருள் வேண்டும். ஆகவே, இளைஞர் பலர் மணவிலக்குப் பெற்ற மங்கையரையே முதலில் மணந்தனர். இளஞ்சிறுமியரோ வயதிலும் செல்வத்திலும் மூத்தவர்க்கு வாழ்க்கைப்பட்டனர். முதல் மணத்தைத் தந்தையே முடிவு செய்வார். மகளின் இசைவு கேட்கப்படுவதில்லை. அம்மணம் முறிந்த பின்னரே தன் துணையைத் தேர்வதில் பெண்ணுக்கு உரிமை கிடைத்தது.

விலக்குரைக்கும் அதிகாரம் கணவனுடையது. எனினும் மனைவி கையற்றவள் அல்லள். விருந்தினரையும் தன்னைச் சார்ந்தோரையும் உண்பித்தலே ஆடவனுக்குப் பெருமை. மனைவி சமைக்க மறுத்தாலோ, பிறந்தகம் சென்றாலோ அப்பெருமை குன்றும். கணவன் இணங்கவேண்டும், அன்றேல் விலக்கவேண்டும். மகரைத் திருப்பித் தந்து விடுதலை பெறும் வழியும் சட்டத்தில் உண்டு. இத்தாக் காலம் கழிந்ததும் அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். விலக்குப் பெற்றவள் என்று அவளை எவரும் இழித்துரைப்பதில்லை.

இத்துணை மணங்கள் முறிந்தும் சமுதாயம் குலையாமைக்குக் காரணம் யாது? குடும்பம் ஆடவனாகிய தலைவனைச் சுற்றி அமைந்தது. பிள்ளைகள் தந்தை வழியினராகவே கருதப்பட்டனர். மனைவி பிரிந்தாலும் மரபு தொடர்ந்தது. ஆயின், அந்நிலைபேற்றுக்கு விலை கொடுத்தவர் யாவர்? பிள்ளையைப் பிரிந்த தாயும், இசைவு கேளாமல் மணமுடிக்கப்பட்ட சிறுமியுமே.

2009ஆம் ஆண்டு முதல் போர்னோவில் மூண்ட கிளர்ச்சியால் பல்லாயிரம் குடும்பங்கள் ஊரிழந்தன. ஆகவே, கோகன் கண்ட வாழ்க்கையை இன்றும் அவ்வாறே உள்ளதெனக் கொள்ளுதல் கூடாது. எனினும் அவ்வாராய்ச்சி உணர்த்தும் பாடம் நிலையானது. மணவிலக்கின் தொகையை மட்டும் எண்ணி ஒரு சமுதாயத்தை மதிப்பிடலாகாது. மணக்கும்போதும் பிரியும்போதும் யார் சொல் செல்லுகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.