பிரேக் காலிப்பரில் உரிந்த மரையைச் செப்பனிடுதல்

1969-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சிபி 750 மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில், திரவ அழுத்தத்தால் இயங்கும் தட்டு பிரேக் பொருத்தப்பட்டிருந்தது. அதன்பின் இம்முறை விரைவில் பரவிற்று. சக்கரத்துடன் சுழலும் தட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் உறுப்பே காலிப்பர் ஆகும். அது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு; அதைத் தாங்கும் போல்ட்டுகளோ எஃகு. அக்காலத்து வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். அவற்றைப் பலமுறை பிரித்துப் பூட்டுவதால் நேரும் கேடுகளுள் முக்கியமானது, மென்மையான அலுமினியத் துளையின் மரை உரிந்துபோவதாகும்.

செங்கோண முக்கோணமாக வெட்டிய காகிதத்தை ஒரு பென்சிலின் மேல் சுற்றிக் காட்டினால், மரை என்பது உருளையின்மேல் சுற்றிய சாய்தளமே என்பதை மாணவர் எளிதில் உணர்வர். போல்ட்டை முறுக்கும்போது இச்சாய்தளத்தின் வழியே பெரும் இழுவிசை பிறக்கிறது. அவ்விசை எல்லாப் புரிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. வாயருகேயுள்ள முதற் சில புரிகளே பெரும்பங்கைத் தாங்குகின்றன. ஆகவே அளவு மீறி முறுக்கினால் அவை முதலில் உரியும்; பின்னர் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக உரியும்.

பொருந்தாத போல்ட்டும் இதே கேட்டை விளைவிக்கும். 5/16 அங்குல விட்வொர்த் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் அருகே வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் முன்னதன் புரியிடைவெளி 1.41 மில்லிமீட்டர், கோணம் 55 டிகிரி, பின்னதற்கு 1.25 மில்லிமீட்டர், 60 டிகிரி. இரண்டொரு சுற்று எளிதாக உட்சென்று, பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைப் பலமென்று எண்ணி ஸ்பேனரை மேலும் அழுத்துவோர் மரையை அறுத்துவிடுகின்றனர். சந்தேகம் எழுந்தால் மரைமானியால் அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை.

செப்பனிடுமுன் அத்துளையின் தொழில் யாதெனத் தெரிதல் வேண்டும். காலிப்பரை வண்டியுடன் பிணைக்கும் துளை பாரத்தைத் தாங்குவது. காற்று நீக்கும் திருகின் துளையில் திரவத்தை அடைப்பது மரையன்று. திருகின் கூம்பு முனை பதியும் அடி இருக்கையே அதனை அடைக்கிறது. அவ்விருக்கையைத் துளைக்கருவி தொட்டுவிட்டால், மரை எத்துணை நேர்த்தியாக அமைந்தாலும் கசிவு நிற்காது.

பாரந் தாங்கும் துளைக்கு ஏற்றது கம்பிச் சுருள் முறை. 8 மில்லிமீட்டர், 1.25 இடைவெளி மரையாயின், கெட்ட துளையைச் சுமார் 8.3 மில்லிமீட்டருக்குத் துளைத்து, சுருளுக்குரிய தனி டாப்பினால் புதிய மரை வெட்டப்படும். கையால் துளைத்தால் துளை சாயக்கூடும். துளைக்கும் இயந்திரத்தில் காலிப்பரை அசையாது பிடித்துத் துளைப்பதே முறை. துருவேறா எஃகுக் கம்பியாலான சுருளை அதனுள் திருகி, மேற்பரப்பிலிருந்து கால் முதல் அரைப் புரி தாழ்வாக நிறுத்தி, அடிநாக்கை ஒடித்து எடுத்துவிட வேண்டும். சுருள் வில்போல் விரிந்து அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும். போல்ட்டின் அளவு மாறுவதில்லை. புதிய மரை விட்டத்தில் பெரிதாதலால் பழைய அலுமினிய மரையினும் வலியது. பசையை ஊற்றி மரை அமைப்பது பிரேக்கில் அறவே தகாது. சூட்டில் அது இளகும்.

வேலைக்கு முன் பிஸ்டனையும் ரப்பர் வளையங்களையும் கழற்றிவிட வேண்டும். அலுமினியத்தில் மரை வெட்டும்போது மண்ணெண்ணெய் விடுவது பட்டறை வழக்கம். ஆனால் கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்திற்கான ரப்பர், மண்ணெண்ணெய் பட்டால் உப்பிப் பயனற்றுப்போகும். ஒட்டியிருக்கும் சிறுதுளியும் கேடே. சீவல்களை அகற்றியபின் ஸ்பிரிட்டால் பலமுறை கழுவி உலர்த்துதல் அவசியம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பூட்டியபின் போல்ட்டை வண்டி தயாரித்தோர் குறித்த அளவுக்கே முறுக்குமானியால் இறுக்குக. திரவம் நிரப்பிக் காற்றை நீக்கி, பிரேக் பிடியைச் சில நிமிடம் வலுவாக அழுத்திப் பிடித்துக் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். துளையின் சுவர் மெலிந்திருந்தாலோ, மயிரிழை வெடிப்புத் தென்பட்டாலோ, கூம்பு இருக்கை சிதைந்திருந்தாலோ அக்காலிப்பரைக் கழித்துவிடுவதே தக்கது. நிறுத்தி வைத்த வண்டியில் இறுக்கமாகத் தோன்றும் போல்ட், ஓட்டத்தில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும்.