சம்பளம் வாங்காத வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஏன்? அயர்லாந்து ஹர்லிங் விளையாட்டின் உள்மோதல்: ஒரு விளக்கம்

சம்பளமே பெறாத ஒருவர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட முடியுமா? அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கார்க் கவுன்டியில் 2002-ஆம் ஆண்டுக்கும் 2009-ஆம் ஆண்டுக்கும் இடையே மூன்று முறை இது நடந்தது. நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஹர்லிங் அணிகளுள் ஒன்றின் வீரர்கள், மட்டையைத் தொட மறுத்து வீட்டில் இருந்தனர். மூன்றாவது முறை அவர்கள் எதிர்த்தது, அதே சீருடையில் ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற முன்னாள் வீரர் ஒருவரை.

ஹர்லிங் இந்திய வாசகர்களுக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. அணிக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டையால் சிறிய தோல் பந்தைத் தரையிலும் வானிலும் அடித்துச் செல்ல வேண்டும். வலைக்குள் செலுத்தினால் கோல், அதற்கு 3 புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் 1 புள்ளி. ஹாக்கியை நினைவூட்டினாலும், ஹாக்கியைவிட வேகமும் ஆபத்தும் அதிகம். 2010-இல்தான் தலைக்கவசம் அனைவருக்கும் கட்டாயமானது. யுனெஸ்கோ 2018-இல் இவ்விளையாட்டை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதனை நடத்துவது 1884-இல் தர்லஸ் நகரில் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம். இறுதிப் போட்டியைக் காண டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் வரை திரள்கின்றனர். எனினும் மைதானத்தில் ஆடுபவர்கள் அனைவரும் தொழில்முறை சாராதவர்கள். ஆசிரியர்களாகவும் விவசாயிகளாகவும் அலுவலகப் பணியாளர்களாகவும் வாரம் முழுவதும் உழைப்பவர்கள். அயர்லாந்தின் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, கவுன்டி அணி வீரர்கள் விளையாட்டுக்காக வாரத்துக்கு 31 மணி நேரம் வரை செலவிடுவதாகத் தெரிவித்தது. இது ஏறத்தாழ இரண்டாவது வேலை. ஊதியம் இல்லாத வேலை.

யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மோதலின் வேர் அமைப்பில் உள்ளது. ஊர் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி கவுன்டி வாரியத்தைத் தேர்வு செய்கின்றனர். வாரியம் மேனேஜரை நியமிக்கிறது. மேனேஜர் அணியைத் தேர்வு செய்கிறார். (இங்கே மேனேஜர் என்பவர், நம் கிரிக்கெட் அணியோடு விடுதி அறைகளைக் கவனிக்கச் செல்பவர் அல்லர்; தலைமைப் பயிற்சியாளரும் தேர்வாளரும் ஒருங்கே அமைந்தவர். அவருக்குத் துணையாகச் சில தேர்வாளர்கள் இருப்பார்கள்.) இந்தச் சங்கிலியில் வீரரின் இடம் கடைசி. அவருக்கு ஒப்பந்தம் கிடையாது. எனவே அதை முறித்துக்கொண்டு வெளியேறும் உரிமையும் கிடையாது. வேறு கவுன்டிக்கு விலை பேசிச் செல்லவும் வழியில்லை. பிறந்த மண்ணின் அணியில் ஆடலாம், அல்லது ஆடாமல் இருக்கலாம். ஆடாமல் இருப்பதே அவர் கையில் உள்ள ஒரே ஆயுதம்.

கார்க் வீரர்கள் அந்த ஆயுதத்தை எடுத்தது 2002 நவம்பரில். அதற்கான அறிகுறி அவ்வாண்டு கோடையிலேயே தென்பட்டது. தேசிய லீக் இறுதிப் போட்டிக்கு முந்தைய அணிவகுப்பில், கார்க் வீரர்கள் சிலர் காலுறைகளைக் கீழே இறக்கிவிட்டு, சட்டையை வெளியே தொங்கவிட்டு நடந்தனர். 1999-இல் உருவான கேலிக் வீரர்கள் சங்கத்தின் கோரிக்கைகளுக்கு ஆதரவான அமைதிப் போராட்டம் அது. ஆண்டு இறுதியில் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் மிகச் சாதாரணமானவை: முறையான மருத்துவக் கவனிப்பு, உடற்பயிற்சிக் கூட வசதி, பயண ஏற்பாடு, விளையாட்டு உடைகள். எதிரே இருந்தது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் செயலாளர் பிராங்க் மர்பியின் பிடியில் இருந்த வாரியம். பொதுமக்களின் அனுதாபம் வீரர்கள் பக்கம் சாய்ந்தது. சில வாரங்களில் வாரியம் இறங்கி வந்தது. டோனல் ஓ'கிரேடி புதிய மேனேஜரானார். 2003-இல் இறுதிப் போட்டிவரை சென்ற அணி, 2004-இலும் 2005-இலும் தேசியக் கோப்பையை வென்றது. போராடியவர்கள் வெற்றியால் பதில் சொன்னதாகவே பலரும் அன்று கருதினர்.

இரண்டாவது மோதல் 2007 இறுதியில் தொடங்கியது. துணைத் தேர்வாளர்களை மேனேஜரே தேர்ந்தெடுக்கும் நடைமுறையை மாற்றி, அந்த அதிகாரத்தை வாரியம் தன்னிடம் எடுத்துக்கொண்டது. கேட்பதற்குச் சிறு நிர்வாக மாற்றம். ஆனால் மேனேஜரின் அருகில் அமர்பவர் யாருக்கு விசுவாசமானவர் என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது. கவுன்டியின் கேலிக் கால்பந்து அணிக்கு இந்தப் புதிய முறையில் டெடி ஹாலண்ட் நியமிக்கப்பட்டதும் கால்பந்து வீரர்கள் ஒதுங்கினர். ஹர்லிங் வீரர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். தேசிய லீக்கின் தொடக்க ஆட்டங்களில் கார்க் களமிறங்கவில்லை. இறுதியில், தொழிலாளர் உறவுகள் ஆணையத்தின் தலைமை அதிகாரி கியரன் மல்வி நடுவராக வந்து தீர்ப்பளித்தார். தொழிற்சாலைத் தகராறுகளைத் தீர்த்து வைப்பவர், சம்பளமில்லாத விளையாட்டு வீரர்களின் வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. ஹாலண்ட் பதவியிழந்தார். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. காலியாக இருந்த பதவியை ஏற்றார், அவ்வளவே.

பழைய நாயகன், புதிய எதிரி

மூன்றாவது மோதலே மிகக் கசப்பானது. அப்போதைய ஹர்லிங் மேனேஜர் ஜெரால்ட் மெக்கார்த்தி, 1966-இல் கோப்பை வென்ற கார்க் அணியின் தலைவர். 1970-களில் மேலும் நான்கு பட்டங்களை வென்ற அணிகளில் இடம்பெற்றவர். 2008 அக்டோபரில் அவர் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நியமிக்கப்பட்டார். நியமனக் குழுவில் வீரர்களின் பிரதிநிதிகளும் இருந்தனர்; ஆனால் பெரும்பான்மை வாரியத்திடம் இருந்தது. தங்கள் கருத்தைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, முன்பே முடிவு செய்ததை அறிவித்துவிட்டார்கள் என்பது வீரர்களின் குற்றச்சாட்டு. பயிற்சி முறைகள் காலத்துக்கு ஏற்றவையாக இல்லை என்பது மற்றொன்று. மெக்கார்த்தியின் பார்வையிலோ, விதிப்படி நியமிக்கப்பட்ட மேனேஜரை வீரர்கள் அகற்ற முற்படுவது முறையற்றது.

2008 அணியினர் ஆட மறுத்தனர். மெக்கார்த்தி அனுபவமற்ற இளைஞர்களைக் கொண்டு 2009 லீக்கில் களமிறங்கினார். அந்த இளைஞர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுவயது முதல் கனவு கண்ட சிவப்புச் சட்டை கைக்கு வருகிறது. அதை அணிந்தால், ஊரில் பாதிப்பேர் பார்வையில் கருங்காலி. கார்க் நகரில் ஆயிரக்கணக்கானோர் வீரர்களுக்கு ஆதரவாகப் பேரணி சென்றனர். முன்னாள் வீரர்கள் இரு பக்கமாகப் பிரிந்தனர். மார்ச் 10 அன்று மெக்கார்த்தி விலகினார். தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக அவர் தெரிவித்தார். ஒரு காலத்தில் ஊரே தோளில் சுமந்த மனிதரின் விளையாட்டு வாழ்க்கை அவ்வாறு முடிந்தது. 2002-இல் வீரர்களைப் பாராட்டிய பலரும் இம்முறை மௌனம் காத்ததில் வியப்பில்லை.

கார்க்கோடு இது நின்றுவிடவில்லை. அதே கவுன்டியின் மற்றொரு முன்னாள் வீரர் ஜஸ்டின் மெக்கார்த்தி, 2008-இல் வாட்டர்போர்டு அணியின் மேனேஜராக இருந்தபோது வீரர்களின் எதிர்ப்பால் விலகினார். அடுத்துப் பொறுப்பேற்ற லிமெரிக்கில் நிலைமை தலைகீழானது: 2009 முடிவில் அவர் பல வீரர்களை நீக்க, அதைக் கண்டித்து மற்றவர்களும் விலகினர். 2010 பருவம் முழுவதும் லிமெரிக் தன் சிறந்த வீரர்கள் பலர் இன்றியே ஆடியது.

வீரர்களுக்குச் சாதகமான எடுத்துக்காட்டுகளும் உண்டு. 1998-இல் ஒஃபலி மேனேஜர் பாப்ஸ் கீட்டிங், டிப்பரரியின் முன்னாள் நட்சத்திரம், தோல்விக்குப் பின் தம் வீரர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொள்ளும் ஆடுகளுக்கு ஒப்பிட்டார். வீரர்கள் கொதித்தனர், அவர் வெளியேறினார். கால்வேயைச் சேர்ந்த, அதிகம் அறியப்படாத மைக்கேல் பாண்ட் பொறுப்பேற்க, அதே ஆண்டு ஒஃபலி கோப்பையை வென்றது. 2015-இல் கால்வே அணியை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்ற அந்தோணி கன்னிங்ஹாம், 1987, 1988 வெற்றி அணிகளின் வீரர். அவர்மீது வீரர்கள் நம்பிக்கையில்லை என வாக்களித்தனர். வாரியம் ஆதரித்தும் அவரால் நீடிக்க இயலவில்லை. மீகால் டொனஹியூ தலைமையில் 2017-இல் கால்வே பட்டம் வென்றது, 29 ஆண்டுகளுக்குப் பின். அந்த வெற்றியை வைத்து வீரர்கள் செய்தது சரி என்று கூறுவது எளிது. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் கன்னிங்ஹாமே அதை வென்றிருக்கக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது.

ஒலிவாங்கியுடன் முன்னாள் வீரர்கள்

மேனேஜர் ஆகாத முன்னாள் வீரர்களுக்கு மற்றொரு மேடை உண்டு: தொலைக்காட்சி விவாதமும் நாளிதழ்ப் பத்தியும். 1979 முதல் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் 'தி சண்டே கேம்' நிகழ்ச்சியில் சொல்லப்படும் ஒரு சொல், மறுநாள் பயிற்சி அறைச் சுவரில் ஒட்டப்படுவதுண்டு. கிளேர் அணிக்கு மேனேஜராக 1995, 1997-இல் கோப்பை பெற்றுத்தந்த கெர் லாக்நேன், கால்வேக்கும் இரண்டு ஆண்டுகள் மேனேஜராக இருந்தவர். அவர் 2016-இல் கால்வே வீரர்களின் துணிவையே கேள்விக்குள்ளாக்கினார். அடுத்த ஆண்டே அவர்கள் கோப்பையை வென்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தொழில்முறை வீரர் விமர்சனத்தைச் சம்பளத்தின் ஒரு பகுதியாக ஏற்கலாம். திங்கட்கிழமை காலை வகுப்பறையில் அதே மாணவர்கள் முன் நிற்க வேண்டிய ஆசிரியருக்கு அந்த ஆறுதல் இல்லை.

பணம் பற்றிய முரண்பாடும் தீரவில்லை. மேனேஜர்களும் விதிப்படி ஊதியம் பெறக்கூடாது, செலவுத்தொகை மட்டுமே. நடைமுறை வேறு என்பது ஊரறிந்த ரகசியம். கேலிக் தடகளச் சங்கத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் போரிக் டஃபி, 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த மறைமுகக் கொடுப்பனவுகள் குறித்து வெளிப்படையாக விவாதித்தார். வீரர்கள் தரப்பிலோ, பயணப்படி தொடர்பான தகராறில் 2022-இல் செய்தியாளர்களிடம் பேச மறுக்கும் அளவுக்குச் சென்றனர்.

கார்க் 2005-க்குப் பின் தேசியக் கோப்பையை வெல்லவில்லை. 2006, 2013, 2021, 2024, 2025 ஆகிய ஐந்து இறுதிப் போட்டிகளில் தோற்றது. 2025-இல் டிப்பரரிக்கு எதிராக இடைவேளையில் 6 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும் 15 புள்ளிகள் வித்தியாசத்தில் வீழ்ந்தது. அதன்பின் மேனேஜர் பாட் ரயன் விலக, வாரியம் பென் ஓ'கானரை நியமித்தது. 2004-இல் அணித் தலைவராகக் கோப்பையை உயர்த்தியவர் அவர். மெக்கார்த்தியின் கீழ் ஆட மறுத்த 2008 அணியிலும் இருந்தவர்.