கொல்லி செல்களா, கொத்தனார்களா?

ஒருவருடைய தோலை எடுத்து வேறொருவர் உடலில் ஒட்டினால் அது நிலைக்குமா? நிலைக்காது. சில வாரங்களுக்குள் கருகி உதிர்ந்துவிடும். உடலைக் காக்கும் வெள்ளையணுக்கள் அதை அந்நியப் பொருள் என்று கண்டு அழித்துவிடுகின்றன.

தாய் வயிற்றில் வளரும் கருவை இப்போது நினைத்துப் பாருங்கள். அதன் ஜீன்களில் பாதி தந்தையிடமிருந்து வந்தவை. அதாவது, தாயின் உடலுக்கு அது பாதி அந்நியம்! ஆயினும் அது பத்து மாதம் பத்திரமாக வளர்கிறதே, எப்படி? 1953-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் எழுப்பிய கேள்வி இது.

விடையின் ஒரு பகுதி நஞ்சில் இருக்கிறது. நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் சில புரதங்களை அடையாளச் சீட்டுப் போல மேற்பரப்பில் தாங்கியுள்ளன. தாயின் திசுவைத் தொடும் நஞ்சுச் செல்களோ இவற்றில் முக்கியமான சிலவற்றைக் காட்டுவதே இல்லை.

மற்றொரு பகுதி வியப்பானது. 1975-இல் ஒருவகை வெள்ளையணுக்களுக்கு 'இயற்கைக் கொல்லி செல்கள்' என்று பெயர் சூட்டினார்கள். வைரஸ் புகுந்த செல்களையும் புற்றுநோய்ச் செல்களையும் அவை கொல்லும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் உட்சுவரில் உள்ள வெள்ளையணுக்களில் 100-க்குச் சுமார் 70 இந்த இனத்தவையே!

1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. ஆனால், கருப்பையில் வைக்கப்படும் கருக்கள் பல ஒட்டாமல் போய்விடுகின்றன. பழி கொல்லி செல்கள்மீது விழுந்தது. தாயின் இரத்தத்தில் அவற்றை எண்ணிப் பார்த்து, அடக்குவதற்கு ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் கொடுக்கும் வழக்கம் வந்தது.

கருப்பையிலுள்ள கொல்லி செல்களோ இரத்தத்தில் ஓடுபவற்றிலிருந்து வேறுபட்டவை. கொல்லும் வேலையை அவை அதிகம் செய்வதில்லை. கருப்பைச் சுவரின் குறுகலான, சுருண்ட தமனிகள் அகலமாவதற்கு அவை உதவுகின்றன. தமனிகள் சரியாக அகலமாகாவிட்டால் கருவுக்குப் போதிய இரத்தம் கிடைக்காது, வளர்ச்சி குன்றும், தாய்க்கு இரத்த அழுத்தமும் உயரலாம். ஆகவே அவற்றைக் கொத்தனார்கள் என்பதே பொருந்தும்.

பொருத்தமாகத் தோன்றும் ஊகம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அடிக்கடி கருச்சிதைவு ஏற்படும் பெண்களுக்கு, கணவரின் வெள்ளையணுக்களை ஊசிமூலம் செலுத்தினால் உடல் அவற்றுக்குப் பழகிவிடும் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அந்த அணுக்கள்; மறு பிரிவினருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது பெண்களுக்குத் தெரியாது. முடிவு என்ன? உப்புநீர்ப் பிரிவில் 48 சதவீதம் பேரின் கர்ப்பம் நிலைத்தது; அணுக்கள் பெறும் பிரிவிலோ 36 சதவீதம்தான்! ஆய்வு அனுமதியின்றி இச்சிகிச்சையைச் செய்யக்கூடாது என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-இல் அறிவித்தது.

இரத்தத்தில் கொல்லி செல்களை எண்ணும் பரிசோதனையையும், குழந்தைப்பேறு சிகிச்சையில் பரிந்துரைப்பதற்கில்லை என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023-இல் கூறியது.

குழந்தைக்காக ஏங்கும் பெற்றோர் எந்தச் சிகிச்சைக்கும் இசைவார்கள். அதனால்தான் அதைச் சோதித்துப் பார்க்கும் கடமை விஞ்ஞானிகளுக்கு இன்னும் கூடுகிறது. உப்புநீர் ஊசி போட்டுக்கொண்ட அந்தப் பெண்கள் இல்லாவிட்டால், தீங்கு செய்யக்கூடிய ஒரு மருத்துவத்தை நல்லதென்றே நாம் நம்பியிருப்போம், அல்லவா?