அலகும் குகையும்

கோவை ஜங்ஷனிலிருந்து போத்தனூருக்குப் போகும் ரயில் வாலாங்குளத்தை ஒட்டித்தான் போகிறது. பெட்டிக்குள் இருப்பவர்களின் கண் செல்போனில் இருக்கும். கரையோரக் கொம்பில் உட்கார்ந்திருக்கும் சிறு நீல மீன்கொத்தியும் ரயிலைத் திரும்பிப் பார்க்காது. ஆனால் ஜப்பானில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடிய ஒரு ரயிலுக்கு முகம் கொடுத்தது இந்தப் பறவையின் அலகுதான்.

ஒரு சாணுக்கும் குறைவான உடம்பு. எடை முப்பது, நாற்பது கிராம். முதுகில் மின்னும் அந்த நீலம் திருப்பூர்ச் சாயப்பட்டறையின் எந்தத் தொட்டியிலும் கிடைக்காது. ஏனென்றால் அதில் நீலச் சாயமே இல்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய துளையமைப்பு வெளிச்சத்தைச் சிதறடித்து நீலத்தை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. படைத்தவன் இந்தப் பறவையின் மேல் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறான் என்று தோன்றும்.

மீனைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தைக் கணக்கிடுகிறது. "அசையாம நில்லுங்க, இப்ப உழுகும் பாருங்க" என்பார் பக்கத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர். சொல்லி முடிப்பதற்குள் விழுந்திருக்கும். தண்ணீரைத் தொடும் நேரத்தில் கண்ணாடி போன்ற மூன்றாவது இமை கண்ணை மூடிக்கொள்கிறது. மறு நொடி பழைய கொம்பில், அலகில் துடிக்கும் மீனோடு. இரண்டு மூன்று முறை கொம்பில் அடித்து, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். அப்படி விழுங்கினால்தான் துடுப்பும் செதிலும் தொண்டையில் மாட்டாது.

மீனைப் பார்க்கிற அவசரத்தில் நாம் தண்ணீரைப் பார்க்கத் தவறுகிறோம். அது அதிகம் தெறிப்பதில்லை, லேசாகச் சுழித்து அடங்கிவிடுகிறது. காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியான பொருளுக்குள் ஓர் உயிர் பாய்ந்திருக்கிறது. குளத்துக்கு அது உறைக்கவே இல்லை.

1990-களின் தொடக்கத்தில் மேற்கு ஜப்பான் ரயில்வேக்குத் தேவைப்பட்டது இந்த வித்தைதான். ஒசாகாவிலிருந்து ஹகாட்டா வரை போகும் சான்யோ புல்லட் ரயில் பாதையில் ஏறக்குறைய பாதி தூரம் மலைக்குகை. நெருக்கிப் பிடித்தால் காற்று என்ன செய்யும் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் காற்றுதானே உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றுகிறது? ஜப்பானில் காற்றை நெருக்கியது ரயில். குகைக்குள் அது பாய்ந்ததும் முன்னால் இருக்கும் காற்று அழுந்தி, ஓர் அலையாகி, ஒலியின் வேகத்தில் ஓடி, மறுவாயில் வெடிபோல் வெளிப்பட்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் புகார். அந்த அலையின் வலிமை ரயில் வேகத்தின் மும்மடியாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டு மடங்கு.

நம் மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையிலும் 16 குகைகள் இருக்கின்றன. 46 கி.மீ. ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிற அந்த ரயிலுக்குக் காற்றோடு எந்தச் சண்டையும் இல்லை. குகைக்குள் கேட்கும் சத்தமெல்லாம் பிள்ளைகள் போடும் கூச்சல்தான்.

மேற்கு ஜப்பான் ரயில்வேயின் சோதனை ஓட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த எய்ஜி நகட்சு ஒரு பொறியாளர், கூடவே பறவை பார்ப்பவர். குகைக்குள் நுழையும்போது ரயிலே சுருங்குவதுபோல் இருக்கிறது என்று அவருடைய இளம் சகா ஒருவர் சொன்னாராம். எதிர்ப்பு சட்டென்று மாறுவதை அன்றாடம் சமாளிக்கிற உயிர் ஏதாவது உண்டா என்று யோசித்தவருக்கு மீன்கொத்தி நினைவுக்கு வந்தது. ரயிலை அப்படியே பறவைபோல் செதுக்கிவிட்டார்கள் என்று சொல்வது கதை. பல வடிவக் குண்டுகளைக் குழாய்க்குள் சுட்டு அழுத்த அலையை அளந்தார்கள், கணினியில் கணக்குப் போட்டார்கள். இரண்டு முனையிலும் வெவ்வேறு மூக்கு வைத்த 'வின் 350' என்ற சோதனை ரயிலை ஓட்டினார்கள். 1992 ஆகஸ்ட் 8-ல் அது மணிக்கு 350.4 கி.மீ. தொட்டது. அத்தனையும் முடிந்து கிடைத்த நல்ல வடிவம் அலகை ஒத்திருந்தது.

அலகைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும். நுனி ஊசி. அங்கிருந்து முகம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து வருகிறது, எந்த இடத்திலும் திடீர்ப் பருமன் இல்லை. தண்ணீர் விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மின்னலாகப் பாயும் உயிருக்கு இவ்வளவு நிதானமான அலகு! 1997 மார்ச்சில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு மூக்கு மட்டும் 15 மீட்டர். முந்தைய ரகத்தைவிடக் காற்றின் எதிர்ப்பு 30 சதவீதம் குறைந்ததாக நகட்சு சொல்லியிருக்கிறார். மேலே மின்கம்பியைத் தொடும் கைக்கு ஆந்தை இறகின் ரம்பப்பல் விளிம்பிலிருந்தும் பாடம் எடுத்தார்கள், அது தனிக் கதை.

மூக்கு நீண்டதில் முன்பெட்டியில் இருக்கைகள் குறைந்தன, உருண்ட உடம்பில் உட்காரும் இடமும் நெருக்கடியானது. 2010-ல் அதிவேக 'நோசோமி' சேவையிலிருந்து விலக்கி, எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியாக்கிவிட்டார்கள். பறவைக்கு என்ன, அது யாரையும் ஏற்றிப் போவதில்லை.

மீன்கொத்தியும் குகைவாசிதான். கரையின் மண்சரிவில் அதே அலகால் குத்திக் குத்தி, இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு வளை தோண்டி, அதன் கோடியில் முட்டையிடும். கான்கிரீட்டில் அந்த அலகு ஏறாது. நொய்யல் தண்ணீரில் நிறையும் நம் குளங்களுக்கு நடைபாதையும் விளக்கும் வரட்டும். கரை கட்டுகிறவர்கள் ஒரு பக்கத்தில் நாலு முழம் செங்குத்து மண்ணை மட்டும் தொடாமல் விட்டால் அதற்குப் போதும்.