பிள்ளைக்கு ஒரு முழங்காலில் மட்டும் வலியா?

பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் பள்ளி விட்டதும் தொடங்கிவிடும். அதில் ஒருவன் "முழங்கால் வலிக்குது" என்றால், "வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வளர்ச்சி வலி பெரும்பாலும் ராத்திரியில், இரண்டு கால்களிலும் வரும். காலையில் பிள்ளை துள்ளி ஓடும். ஒரே முழங்காலில், ஓடினால் வலித்து, உட்கார்ந்தால் குறைந்து, வாரக்கணக்கில் நீடித்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். 10 முதல் 20 வயதில் அதிகம் வரும் 'ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிஸ்ஸெகான்ஸ்' ஆகவும் அது இருக்கலாம்.

வாயில் நுழையாத பெயர்தான். 1880-களில் ஜெர்மன் மருத்துவர் பிரான்ஸ் கோனிக், மூட்டில் அழற்சி என்று எண்ணி வைத்தது. அழற்சி இல்லை என்று பின்னால் தெரிந்தும் பெயர் மாறவில்லை. நடப்பது இதுதான்: தொடை எலும்பின் கீழ்முனையில், குருத்தெலும்புக்கு அடியில் ஒரு சிறு பகுதி, ரத்த ஓட்டம் குறைந்து பலமிழக்கிறது. வற்றிய கண்மாயில் மண் ஏடு ஏடாகப் பெயருமே, அப்படித் தளர்கிறது. முழுதாகக் கழன்ற துண்டு மூட்டுக்குள் மிதந்து காலைப் பூட்டிவிடும். ஓடிக் குதிப்பதில் திரும்பத் திரும்ப விழும் அதிர்வு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

முதலில் எக்ஸ்ரே. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். நேராக எடுக்கும் படத்தில் இது தப்பிவிடக்கூடும். முழங்காலை மடக்கியும் ஒரு படம் தேவை. வலியில்லாத காலையும் எடுப்பது நல்லது, சிலருக்கு அதிலும் இருக்கும். துண்டு உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும், அதற்கு விருதுநகரோ மதுரையோ போக வேண்டியிருக்கலாம். இடுப்பு மூட்டுக் கோளாறும் முழங்கால் வலியாகத் தெரியலாம் என்பதால் டாக்டர் அதையும் அசைத்துப் பார்ப்பார்.

எலும்பு வளரும் வயதில், துண்டு பெயராமல் இருக்கும்போதே கண்டுபிடித்தால் பல பிள்ளைகளுக்குக் கத்தி தேவைப்படாது. மருந்து, ஓய்வுதான். 3 முதல் 6 மாதம், சில சமயம் அதற்கும் மேல், ஓட்டமும் குதிப்பும் கூடாது. சிரமமே இங்கேதான். அணியில் இடம் போய்விடுமே என்று பிள்ளை வலியை மறைப்பான். வலி நின்றதும் மைதானத்துக்கு ஓடுவான்; எலும்பு கூடியதைப் படம்தான் சொல்ல வேண்டும், வலி அல்ல. விளையாட்டு ஆசிரியரிடம் பெற்றோரே பேசிவிடுவது நல்லது.

ஓய்வில் ஆறாவிட்டால், நுண்துளை வழியே எலும்பில் சிறு துளைகள் போட்டு ரத்தம் வர வழி செய்வார்கள். தளர்ந்த துண்டைத் திருகாணியால் பொருத்துவதும் உண்டு. உருவிவிட்டு இறுக்கிக் கட்டுவதால் இது ஒட்டாது.

முழங்கால் வீங்கினாலோ, நடக்கையில் மடங்கி விழவைத்தாலோ நாள் கடத்த வேண்டாம். பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அன்றைக்கே காட்ட வேண்டும்.